பெரிய கம்பனித் தூளும் உங்கள் வீட்டுத் தூளும்

கேள்வி: ஐயா, நானும் மச்சாளும் கோப்பாயில் வீட்டில் வைத்துக் கறித்தூள் வறுத்துத் திரித்து விற்கிறோம். மாதம் அறுபது கிலோ அளவில் போகிறது. ஓடர் பெரும்பாலும் வட்ஸ்அப்பில்தான் வரும். இப்போது கொழும்புக் கம்பனிகள் ‘யாழ்ப்பாணக் கறித்தூள்’ என்று பக்கெட் அடித்து எங்கள் ஒழுங்கைக் கடை வரைக்கும் கொண்டுவந்துவிட்டன. விலையும் எங்களுடையதைவிடக் குறைவு. “பெரிய கம்பனிகளின்ர காலம் முடிஞ்சுது மாமி, முகநூலில காசு போடுங்கோ” என்கிறான் மருமகன். ஒரு சுப்பர் மார்க்கெட்டிலும் சாமான் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். நாங்கள் விலையைக் குறைக்க வேண்டுமா? எந்தப் பக்கம் போவது?
– வாசகி, கோப்பாய்

அன்புள்ள சகோதரி,

விலையைக் குறைக்காதீர்கள். சுப்பர் மார்க்கெட்டுக்கு இப்போதைக்குச் சம்மதம் சொல்லாதீர்கள். முகநூலில் காசு போடுவதை இரண்டு மாதம் தள்ளிவையுங்கள்.

மருமகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பெரிய கம்பனியின் பலம் மூன்று. கடைத் தட்டு அதன் கையில் இருந்தது. ஊருக்குக் கேட்கும்படி பேசுகிற விளம்பரம் அதனிடம் மட்டும் இருந்தது. எந்தக் கடையில் எந்த மாதம் வாங்கினாலும் ஒரே சுவை, ஒரே நிறை என்ற நிச்சயமும் அதனிடம் இருந்தது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மூடப்பட்டு, போர் முடிந்த 2009க்குப் பிறகு மறுபடி திறந்தபோது, தெற்கின் கம்பனிகள் குடாநாட்டில் விநியோகஸ்தர்களைப் போட்டு, லொறியில் சாமான் இறக்கி, கடைக்காரருக்குக் கடனும் கொடுத்துத் தட்டுகளைப் பிடித்தன. வீட்டில் தூள் திரிக்கிற ஒருவரால் அந்தப் போட்டியில் இறங்கவே முடியாது.

முதல் இரண்டு பலத்தையும் கைபேசி உடைத்துவிட்டது. இணுவிலில் ஒருவர் குடும்பக் குழுவில் “நல்ல தூள் ஆரிட்ட வாங்கலாம்?” என்று கேட்டால் கொஞ்ச நேரத்தில் இரண்டு மூன்று இலக்கங்கள் வந்துவிடும். அதற்குத் தட்டும் வேண்டாம், தொலைக்காட்சி விளம்பரமும் வேண்டாம். இதைவிடப் பெரிய மாற்றம் இன்னொன்று. கம்பனிக்குக் கடையைத் தெரியும், வீட்டைத் தெரியாது. கோப்பாய்ச் சந்திக் கடைக்கு எத்தனை பக்கெட் போனது என்பது விநியோகஸ்தரின் சிட்டையில் இருக்கும். அது எந்த வீட்டு அடுப்படிக்குப் போனது, அங்கே யாருக்கு உறைப்பு ஆகாது, போன பக்கெட் எப்போது முடியும் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. உங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது பலம் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. வட்ஸ்அப், முகநூல் என்ற வலையமைப்பு வந்த பிறகு அதன் மதிப்புக் கூடியிருக்கிறது என்றே சொல்வேன். ஒரு தடவை தூள் கைத்துவிட்டால், உங்களுக்கு ஆளைச் சேர்த்துத் தந்த அதே குழுக்களில் அந்தச் செய்தியும் அதே வேகத்தில் போகும். ஆகவே விளம்பரத்துக்கு ஒதுக்க நினைத்த காசு முதலில் வறுக்கிற தாச்சிக்கும் தராசுக்கும் கொப்பிக்கும் போகட்டும்.

செத்தல் மிளகாயில் இருந்து தொடங்குவோம். காம்பு கிள்ளும்போது சந்தேகமான ஒவ்வொரு மிளகாயையும் பிளந்து பாருங்கள். உள்ளே கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ பூஞ்சணம் இருந்தால் எறியுங்கள். சில பூஞ்சணங்கள் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வறுக்கிற சூட்டில் அது முற்றாக அழியாது. சரக்குகளை ஒன்றாகக் கொட்டி வறுக்காமல் தனித்தனியாக வறுங்கள். மல்லி நேரமெடுக்கும். மிளகாய்க்கு மெல்லிய சூடு போதும். வெந்தயம் ஒரு நிமிடம் கூடினால் மொத்தத் தூளும் கைக்கும். கறிவேப்பிலை கையில் எடுத்து நொறுக்கினால் மாவாக உதிர வேண்டும். மெதுவாக மடிந்தால் அதில் ஈரம் நிற்கிறது. கட்டி பிடிப்பது பெரும்பாலும் அந்த ஈரத்தால்தான். சிலர் மிளகாய் வறுக்கும்போது கொஞ்சம் எண்ணெய் விடுவார்கள். வீட்டுக்குச் சரி, விற்பனைக்கு வேண்டாம், சில வாரங்களில் சிக்கு மணம் வரும்.

மில்லில் உங்களுக்கு முன்னால் ஒருவர் உளுந்தோ அரிசியோ திரித்திருப்பார். அது உங்கள் தூளில் கலந்தால் நிறமும் மாறும், பூச்சியும் சீக்கிரம் பிடிக்கும். காலையில் முதல் ஆளாகப் போங்கள். அப்படியும் அரைக் கிலோ மல்லியை முதலில் போட்டுத் திரித்து, அந்தத் தூளை வேறாக எடுத்துவிடுங்கள். மில்லில் இருந்து வரும் தூள் கைபொறுக்காத சூட்டில் இருக்கும். அதைச் சூட்டோடு பக்கெட்டில் அடைத்தால் உள்ளே வியர்த்து, ஒரு மாதத்தில் மூலைகளில் கட்டி விழும். அகன்ற தட்டங்களில் பரப்பி, சுத்தமான துணியால் மூடி, முற்றாக ஆறிய பிறகு அரிதட்டில் அரித்து அடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் அந்த மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரித்து அன்றன்றே அடைப்பது நல்லது.

பக்கெட்டும் முக்கியம். கண்ணாடி போன்ற பொலித்தீன் பக்கெட்டில் நிறம் அழகாகத் தெரியும், ஆனால் வெளிச்சம் பட்டால் மிளகாயின் சிவப்பு வெளிறும். கடை வாசலில் தொங்கினால் அது இன்னும் வேகமாக நடக்கும். உள்ளே அலுமினியப் பூச்சுள்ள, சூட்டில் ஒட்டும் பைகள் விலை கொஞ்சம் கூட, வாங்குங்கள்.

ஒவ்வொரு முறை திரிக்கும்போதும் அந்தத் தொகுதிக்கு ஓர் இலக்கம் கொடுங்கள். எந்த மிளகாய், எங்கே வாங்கியது, ஒவ்வொரு சரக்கும் எத்தனை கிராம், திரித்து வந்தது எத்தனை கிலோ என்று கொப்பியில் எழுதுங்கள். 50 கிராமை ஒரு போத்தலில் இறுக்கி மூடி, ஆறு மாதம் வரைக்கும் வைத்திருங்கள். விற்பனைக்கு விடுமுன் ஒரு கரண்டி புதிய தூளையும் ஒரு கரண்டி போன தொகுதித் தூளையும், ஒரே அளவு தேங்காய்ப்பாலிலும் உப்பிலும் தனித்தனியே கொதிக்கவிட்டு இருவரும் ருசி பாருங்கள். மிளகாயின் உறைப்பு மூடைக்கு மூடை மாறும். வித்தியாசம் தெரிந்தால் மல்லி கூட்டித் திருத்துவது அப்போதே முடியும், பக்கெட் வீடுகளுக்குப் போன பிறகு முடியாது. கம்பனிக்கு இதைச் செய்ய ஆய்வுகூடம் இருக்கிறது; அறுபது கிலோவுக்கு உங்கள் இருவரின் நாக்கும் கொப்பியும் போதும். வருடத்துக்கு ஒரு தடவையாவது கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற ஆய்வுகூடத்தில் ஈரப்பதனும் அஃப்ளடொக்சினும் சோதித்து அறிக்கையை வைத்திருங்கள்.

அடுத்தது பெயரும் லேபலும். ‘யாழ்ப்பாணக் கறித்தூள்’ என்பது பொருளின் வகையையும் ஊரையும் சொல்லும் பெயர். பொதுவாக அதை உங்களாலும் சொந்தமாக்க முடியாது, கொழும்புக் கம்பனியாலும் முடியாது. அந்தப் பெயரில் முதலீடு செய்தால் நீங்கள் தேடித் தரும் நல்ல பெயர் அவர்களுடைய பக்கெட்டுக்கும் போய்விடும். உங்களுக்கென்று ஒரு சிறிய பெயர் வையுங்கள்; குடும்பப் பெயரோ ஒழுங்கையின் பெயரோ எதுவானாலும் சரி. அதைப் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயராகப் பதியுங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவு வேறு, வர்த்தகக் குறிப் பதிவு வேறு. இரண்டாவது தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் செய்வது. ஓடர்கள் பெருகிய பிறகு பார்க்கலாம்.

பக்கெட்டில் அடைத்து விற்கும் உணவு 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்குள் வருகிறது. வட்ஸ்அப்பில் விற்கிறோம் என்பதால் விலக்கு இல்லை. பொருளின் பெயர், தேறிய நிறை, கூடிய அளவில் இருந்து குறைந்த அளவு என்ற வரிசையில் சேர்மானங்கள், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், உங்கள் பெயரும் முகவரியும், விலை ஆகியவை இருக்கட்டும். மூன்று மொழியிலும் அடியுங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் மாதிரியை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) காட்டுங்கள், பிறகு அழித்து அடிக்கிற செலவு மிஞ்சும். காலாவதியை முதலில் மூன்று மாதமாகப் போடுங்கள். எடுத்துவைத்த போத்தல்கள் ஆறு மாதத்திலும் மணம் குறையாமல் இருந்தால் பிறகு நீட்டலாம். “சீனி வருத்தத்துக்கு நல்லது” போன்ற வரிகளை லேபலிலும் எழுதாதீர்கள், முகநூலிலும் எழுதாதீர்கள். முகநூல் பதிவும் விளம்பரம்தான். தராசுக்கு வருடாவருடம் அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை குத்த வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

இனி விலை. வீட்டுத் தொழிலில் நான் அதிகம் காணும் ஓட்டை, வாங்கிய நிறையில் கணக்குப் பார்ப்பது. கணக்கைக் காட்டுவதற்காகச் சில எண்களை எடுக்கிறேன், நீங்கள் இன்றைய சந்தை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 12.5 கிலோ சரக்கு 15,000 ரூபாய் என்றால் கிலோ 1,200 என்று தோன்றும். வறுத்து, திரித்து, அரித்து வந்தது 11.5 கிலோதான் என்றால் கிலோவின் அடக்கம் 1,304 ரூபாய். மாதம் அறுபது கிலோவில் இந்த வித்தியாசம் மட்டும் ஆறாயிரத்தைத் தாண்டும். அதன்மேல் கிலோவுக்கு மில் 100, எரிபொருள் 60, 250 கிராம் பக்கெட் நான்கும் லேபலும் 120, உங்கள் இருவரின் கூலி 250 போட்டால் 1,834. பழுது, சிந்தல், திருப்பி வருவது என்று ஐந்து வீதம் சேர்த்தால் 1,926. கூலி எழுதாமல் விட்டுவிட்டு “லாபம் இருக்கிறது” என்று சொல்வது வேண்டாம். உங்கள் கூலியை நீங்களே தின்றுகொண்டு லாபம் என்கிறீர்கள்.

இந்தக் கணக்கில் கிலோ 2,400க்கு நேரடியாக விற்றால் 474 ரூபாய் மிஞ்சும். அதே தூளை அதே விலைக்குச் சுப்பர் மார்க்கெட் விற்று, 25 வீதம் தனக்கு எடுத்தால் உங்கள் கைக்கு வருவது 1,800. கிலோவுக்கு 126 ரூபாய் நட்டம். கூடவே கடன்: மாதம் 20 கிலோ எடுத்து 45 நாள் கழித்துக் காசு தந்தால், எப்போதும் 30 கிலோவின் பணம், அதாவது 54,000 ரூபாய், வெளியில் முடங்கிக் கிடக்கும். விற்காததைத் திருப்பி அனுப்புவார்கள். அது வெளிச்சத்தில் இருந்து நிறம் போன பக்கெட்டாக வரும். கேட்கிறவர்களிடம் கழிவு, அதாவது அவர்கள் எடுக்கிற பங்கு, எத்தனை வீதம், காசு எத்தனை நாளில், திருப்பி அனுப்புவதற்கு எல்லை என்ன, தட்டில் வைக்கத் தனிக் கட்டணம் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். கழிவு 15 வீதத்துக்குள், காசு இரண்டு வாரத்துக்குள் என்று வந்தால் மட்டும், மாதம் 10 கிலோவுக்கு மேற்படாமல் கொடுத்துப் பார்க்கலாம்.

கம்பனித் தூள் ஏன் மலிவு? மிளகாயை அவர்கள் மொத்தமாக எடுக்கிறார்கள், நீங்கள் சில்லறை விலையில் வாங்குகிறீர்கள். அங்கேதான் நீங்கள் தோற்கிறீர்கள். அவர்கள் விநியோகஸ்தருக்கும் கடைக்கும் விளம்பரத்துக்கும் கொடுக்கிற பங்கு உங்களுக்கு இல்லை என்பதில் வெல்கிறீர்கள். ஆகவே உங்களைப் போல் தூள் திரிக்கிற நான்கைந்து பேர், நீர்வேலியிலோ உரும்பிராயிலோ இருக்கக்கூடியவர்கள், ஒரு குழு அமைத்து மிளகாயையும் மல்லியையும் மூடையாகச் சேர்ந்து வாங்குங்கள். விற்பதற்குக் குழு வைக்கிற நம் ஆட்கள் வாங்குவதற்குக் குழு வைப்பது குறைவு. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், வலையமைப்பால் கிடைக்கிற லாபத்தில் பெரிய பங்கு அங்கே கேட்பாரற்றுக் கிடக்கிறது.

விற்கிற பக்கத்தில் முதல் வேலை, வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியைத் தனி இலக்கத்தில் வையுங்கள். அந்தச் சிம் உங்கள் அடையாள அட்டையில் பதிவாகியிருக்க வேண்டும், மருமகனுடையதில் அல்ல. இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க இரகசிய எண்ணைப் (PIN) போட்டுக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டை எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள், கணக்கைப் பறிப்பது அப்படித்தான். வாடிக்கையாளர்களை ஒரே குழுவில் போட வேண்டாம். எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியும், நாளைக்கு வேறொருவர் அங்கேயே வியாபாரம் தொடங்குவார். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புகிற ஒலிபரப்புப் பட்டியல் (broadcast list) பாவியுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேரலாம், ஆனால் உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். ஆகவே முதல் பக்கெட்டோடு ஒரு சிறு அட்டையில் “எங்கள் இலக்கத்தைப் பதிந்துகொள்ளுங்கள்” என்று எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் கொப்பியில் ஒரு வரி: பெயர், ஊர், எத்தனை கிராம், எந்தத் தொகுதி, எந்தத் திகதி, காசு கட்டுவது யார். உடுவிலில் இருக்கும் அம்மாவுக்காக ரொறன்ரோவில் இருக்கும் மகள் காசு அனுப்பினால் இருவரையும் எழுதுங்கள். மூன்று ஓடர் வந்ததும் அந்த வீட்டில் 500 கிராம் எத்தனை நாளில் முடிகிறது என்று தெரிந்துவிடும். முடிவதற்கு ஐந்து நாள் முன்னர் அந்த ஆளுக்கு மட்டும் “தூள் முடியப் போகுதோ, வியாழக்கிழமை உங்கட பக்கம் வாறம்” என்று ஒரு செய்தி அனுப்புங்கள். தினமும் பூப்படத்தோடு காலை வணக்கம் போட்டால் செய்தியைத் திறக்காமலே விடுவார்கள். உறைப்புக் குறைத்த தூள், மஞ்சள் கூட்டிய சரக்குத்தூள் என்று வீட்டுக்கேற்ற மாற்றமும் செய்து தரலாம், ஆனால் மூன்று வகைக்கு மேல் போக வேண்டாம், தொகுதிகள் குழம்பிவிடும்.

டிலிவரியை ஊர்வழியாகக் கட்டுங்கள். ஒருநாள் இருபாலை, நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால். இன்னொரு நாள் காங்கேசன்துறை வீதியில் கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம். வல்லை கடந்து நெல்லியடிப் பக்கம் போவதென்றால் அங்கே தெரிந்த ஒரு சிறு கடையில் பக்கெட்டுகளைப் பெயர் எழுதி வைத்து, பக்கெட்டுக்கு இவ்வளவு என்று கொடுப்பது மலிவு. காசு போட்டுவிட்டோம் என்று வாங்குகிறவர் அனுப்பும் படத்தை நம்பி சாமானைக் கொடுக்காதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் வரவு தெரிந்த பிறகு கொடுங்கள். வெளிமாவட்ட முதல் ஓடருக்கு அனுப்புச் செலவையாவது முற்பணமாக வாங்குங்கள். வாங்க ஆளில்லாமல் பார்சல் திரும்பினால் இரண்டு வழிச் செலவும் உங்கள் தலையில்.

இரண்டு மாதம் கழித்து முகநூல் விளம்பரம் போடும்போது, இடத்தை இலங்கை முழுவதுமாக விடாமல் கோப்பாயைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீற்றராகச் சுருக்குங்கள், அழுத்தினால் நேரே உங்கள் வட்ஸ்அப்புக்கு வரும் வகையைத் தெரிவு செய்யுங்கள். விருப்பக்குறி எத்தனை என்று பார்க்காதீர்கள். செலவழித்த காசைப் புதிதாக வந்து இரண்டாவது தடவையும் வாங்கிய வீடுகளின் எண்ணிக்கையால் பிரியுங்கள். அந்தத் தொகை ஒரு வீட்டில் மூன்று மாதத்தில் கிடைக்கும் லாபத்தைவிடக் கூடினால் நிறுத்துங்கள்.

மருமகனுக்கு ஒன்று சொல்லுங்கள். கடைத் தட்டுக்குப் போன வாடகை இப்போது முகநூல் நிறுவனத்துக்குப் போகிறது; பெரியவர் ஒருவர் விலகிய இடத்தில் அவரைவிடப் பெரியவர் நிற்கிறார். அவருடைய கதவு எந்த நாளும் மூடலாம். 2021 ஒக்ரோபர் 4ஆம் திகதி முகநூலும் வட்ஸ்அப்பும் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் நின்றன. இலங்கையில் அரசே சமூக வலைத்தளங்களை 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் முடக்கியது. கொப்பியில் இலக்கம் இருந்தால் அன்றைக்கும் அழைப்பெடுத்து ஓடர் கேட்கலாம். கொப்பியை மாதம் ஒருமுறை படம் பிடித்து வேறொரு போனிலும் வைத்திருங்கள்.

எல்லாப் பொருளிலும் பெரிய கம்பனி தளர்ந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். பால்மா, சவர்க்காரம், பிஸ்கட் இவற்றில் அவர்களை அசைக்க முடியாது. அவற்றுக்கு ஆலையும் இயந்திரமும் வேண்டும், வாங்குகிறவருக்கும் யார் கை பட்டது என்ற கவலையில்லை. தூள், நல்லெண்ணெய், மோர்மிளகாய், ஒடியல்மா போன்றவற்றில்தான் புதிதும் ஊரும் கைப்பக்குவமும் விலை பெறுகின்றன. தூளோடு ஏதாவது சேர்க்க நினைத்தால் மோர்மிளகாயைச் சேருங்கள், அதே வீடுகள் வாங்கும். சோஸ், ஜாம் பக்கம் போக வேண்டாம்.

வெளிநாட்டில் இருந்து ஊருக்கு வருகிறவர்கள் இரண்டு மூன்று கிலோ வாங்கிக்கொண்டு போவது வேறு, நீங்கள் பெட்டியாக ஏற்றுமதி செய்வது வேறு. இலங்கையில் இருந்து போகும் மிளகாயை ஐரோப்பிய ஒன்றியம் அஃப்ளடொக்சினுக்காகக் கூடுதல் கண்காணிப்பில் வைத்து வந்திருக்கிறது. பாரிஸ் கடைக்காரர் ஒருவர் ஐம்பது கிலோ கேட்டால் ஆய்வுகூட அறிக்கை கையில் வரும்வரை ஒப்புக்கொள்ளாதீர்கள். பயணத்தில் கொண்டுபோகிறவர்களுக்கு இரட்டைப் பையில் அடைத்து, ஒட்டிய விளிம்பின்மேல் இன்னொரு தடவை சூடு வைத்து ஒட்டிக் கொடுங்கள். லேபலில் ஆங்கிலத்திலும் பொருளின் பெயர் தெளிவாக இருந்தால் விமான நிலையத்தில் அவர்களுக்குக் கேள்வி குறையும்.